ஜாக்கிக்குள் ஒரு தச்சர்

வீட்டில் கார் இருக்கிறதா? அப்படியென்றால் இதைப் படித்து முடித்ததும் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடக்கிற ஜாக்கியை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்க. கார் வாங்கின நாளிலிருந்து அதைத் தொட்டே பார்க்காத வீடுகள்தான் அதிகம். கார் இல்லாதவர்கள் ஓடிவிட வேண்டாம். இது ஜாக்கியைப் பற்றிய கட்டுரை மாதிரி ஆரம்பித்தாலும் உண்மையில் ஒரு ஆளோட கதை. அவர் செத்து 200 வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் பெயரை நீங்க பள்ளிக்கூடத்திலேயே ஒருமுறை கேட்டிருப்பீங்க, மறந்திருப்பீங்க.

முதலில் நான் ஏன் அவரைத் தேடிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு விருத்தாசலம். மாமா அங்கே ஒரு செராமிக் யூனிட்டில் பிரஸ் ஓட்டுகிறார். போன லீவில் அவருடைய பழைய காரின் பின்சக்கரத்தில் ஏதோ உரசுகிற சத்தம். வீட்டிலேயே கழற்றிப் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் இறங்கினோம். தெரிந்தவரிடமிருந்து ஒரு பாட்டில் ஜாக்கி வாங்கி வந்திருந்தோம். தூக்கினோம், சக்கரத்தைக் கழற்றினோம், பிரேக் டிரம்மைத் துடைத்தோம். அடியில் படுத்து சைலன்சரையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று நான் சாக்கை விரிக்கப் போன நேரத்தில் அத்தை டீ குடிக்கக் கூப்பிட்டார். போனோம். கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் டிரம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. சத்தமே இல்லை. ஜாக்கி சாயவில்லை, உடையவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறது. காரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி வைத்துவிட்டது. விரித்த சாக்கு அடியிலேயே கிடந்தது.

மாமா ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் ஜாக்கியைப் பிரித்து உள்ளே இருந்த ரப்பர் சீலை எடுத்துக் காட்டினார். விளிம்பெல்லாம் தேய்ந்து, ஒரு இடத்தில் நகத்தால் கிள்ளின மாதிரி ஒரு வெட்டு. அவ்வளவுதான் குற்றவாளி. அவர் யூனிட்டில் இருக்கிற ஹைட்ராலிக் பிரஸ்ஸிலும் இதே சங்கதிதான், அளவு மட்டும் பெரிசு என்றார். நெய்வேலிப் பக்கம் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கிற வெள்ளைக் களிமண்ணைப் பற்றி நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதிரி மண்ணை அரைத்து, ஈரம் குறைந்த பொடியாக்கி, டையில் கொட்டி அழுத்தி எடுக்கிற இடம் அது. அங்கேயும் சீல் போனால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால் சூளைக்குள் போய் விரிசல் விடும். காரைத் தூக்குகிறதும் களிமண்ணை அழுத்துகிறதும் ஒரே மெஷின் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மெக்கானிக்கல் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

அந்த மெஷினை முதலில் ஓட வைத்தவர் ஜோசப் பிராமா. பாஸ்கல் விதி நடத்தும்போது பிராமா அழுத்தி என்று ஒரு படம் வரைந்தது ஞாபகம் வருகிறதா? நான் ரொம்ப நாள் அது படைக்கும் கடவுள் பிரம்மா பெயரில் யாரோ வைத்தது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அவர் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில், பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் ஸ்டெயின்பரோ என்ற ஊரில் 1748-ம் வருஷம் பிறந்த ஒரு விவசாயி வீட்டுப் பையன்.

விவசாயி பையன் விவசாயம் பார்த்திருக்க வேண்டியது. 16 வயது வாக்கில் கணுக்காலில் பலமாக அடிபட்டது. கால் ஊனமாகிவிட்டது. ஏர் பிடித்து நடக்க முடியாது என்று ஆனதும் உள்ளூர்த் தச்சரிடம் வேலை பழக விட்டார்கள். நம்ம ஊரில் ஒரு பையன் படிப்பு வரவில்லை என்று லேத் பட்டறைக்குப் போய், பிற்பாடு படித்தவர்களுக்கே வேலை சொல்லிக் கொடுப்பான் பாருங்க, கிட்டத்தட்ட அந்தக் கதை. தொழில் கற்றதும் லண்டன் போய் மேசை, அலமாரி செய்கிற தச்சராக வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் காலத்து லண்டனில் பணக்கார வீடுகளில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற கழிப்பறை அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775-ல் அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதைப் பொருத்துகிற மர வேலைக்குத் தச்சர்களைக் கூப்பிடுவார்கள். பிராமாவும் போனார். போன இடத்தில் மரத்தை மட்டும் பார்க்காமல் வால்வையும் பார்த்தார். கம்மிங்கின் டிசைனில் கிண்ணத்துக்கு அடியில் இழுத்து மூடுகிற தகடு இருந்தது. அது சரியாக மூடாது, குளிர் காலத்தில் உறைந்து இறுகிக்கொள்ளும். பிராமா அதற்குப் பதிலாகக் கீல் வைத்துத் திறந்து மூடுகிற ஒரு மூடியைப் போட்டு, 1778-ல் தன் பெயரில் காப்புரிமை வாங்கினார். தயாரித்து விற்கவும் ஆரம்பித்தார். கழிப்பறைப் பீங்கானைப் பற்றிப் படிக்கிற நம்ம செராமிக் நண்பர்களுக்கும் இந்த ஆள் ஒரு வகையில் முன்னோர்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்க. அவருடைய முதல் வேலையே கசிவை நிறுத்துகிற வேலை. ஒரு இடத்தில் திரவம் நிற்க வேண்டும், தேவைப்படும்போது போக வேண்டும். வாழ்க்கை முழுக்க அவர் இந்த ஒரே பிரச்சினையைச் சுற்றித்தான் வந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது பூட்டு. 1784-ல் காப்புரிமை. உருளை வடிவச் சாவி, அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள், பூட்டுக்குள் அந்த ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நழுவும் தகடு. எல்லாத் தகடும் அதனதன் சரியான ஆழத்துக்குப் போனால்தான் திரும்பும். லண்டனில் பிக்கடில்லி தெருவில் 124-ம் எண் கடையின் கண்ணாடி ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டார்கள். சாவி இல்லாமல் இதைத் திறக்கிற கருவியைச் செய்து காட்டுகிறவருக்கு 200 கினி பரிசு என்று கூடவே பலகை. அந்தப் பலகை 60 வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. 1851-ல் லண்டன் மகா கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர்தான் கடைசியில் திறந்தார். 16 நாளில், மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து. அப்போது பிராமா உயிரோடு இல்லை. பரிசைக் கொடுத்தார்கள்.

பூட்டு நல்ல பூட்டுதான். ஆனால் ஒவ்வொன்றாகக் கையால் அரம் போட்டுச் செய்தால் விலை எங்கேயோ போய் நிற்கும், அளவும் ஒன்று போல வராது. இங்கேதான் கதைக்குள் இன்னொரு ஆள் வருகிறார். என்னைக் கேட்டால் கதாநாயகனைவிட முக்கியமான ஆள்.

ஹென்றி மாட்ஸ்லி. 12 வயதில் வுலிச் ஆயுதச் சாலையில் தோட்டாவுக்கு மருந்து அடைக்கிற பையனாக வேலைக்குச் சேர்ந்து, தச்சுப் பட்டறை, அப்புறம் கொல்லுப்பட்டறை என்று மாறி, கைவேலையில் பெயர் எடுத்தவர். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு 1789-ல் பிராமா கூப்பிட்டு அனுப்பினார். அப்போது மாட்ஸ்லிக்கு வயது 18. நம்ம வயசு! கொஞ்ச நாளிலேயே பட்டறைக்கு ஃபோர்மன். பூட்டின் பாகங்களை ஒரே அளவில் வெட்டித் தள்ளுகிற சின்னச் சின்ன மெஷின்களைச் செய்தவர் அவர்தான்.

இப்போது ஜாக்கிக்கு வருவோம். 1795-ல் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். தத்துவம் அவருடையது இல்லை. மூடிய பாத்திரத்தில் இருக்கிற திரவத்தை ஒரு இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போகும் என்று பாஸ்கல் அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அந்த நூல் அவர் செத்து அடுத்த வருஷம், 1663-ல் வெளிவந்தது. சின்ன பிஸ்டனை ஒருவர் அழுத்தினால் பெரிய பிஸ்டனில் பல பேருடைய பலம் கிடைக்கும் என்பது வரை அதில் இருக்கிறது. அப்படியானால் நடுவில் 132 வருஷம் ஏன் யாரும் அதைச் செய்யவில்லை?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க, காரணம் தானாகவே தெரியும். ஒரு பாட்டில் ஜாக்கியில் கீழே பம்பு பண்ணுகிற சின்ன பிஸ்டன் 1 சென்டிமீட்டர் விட்டம், மேலே தூக்குகிற தண்டு 2.5 சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு விட்டத்தின் வர்க்கம் என்பதால் 6.25 மடங்கு. கைப்பிடியின் நெம்புகோல் 20 மடங்கு என்றால் மொத்தம் 125 மடங்கு. உராய்வை விட்டுவிட்டால், 300 கிலோ சுமையைத் தூக்க கைப்பிடியில் இரண்டரை கிலோ பலம் போதும். ஆனால் ஓசியில் எதுவும் வராது. கைப்பிடியை 40 சென்டிமீட்டர் அழுத்தினால் கார் 3.2 மில்லிமீட்டர்தான் ஏறும். 10 சென்டிமீட்டர் தூக்க 30 தடவைக்கு மேல் அடிக்க வேண்டும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இப்போது உள்ளே எண்ணெயின் அழுத்தம் என்ன? 2.5 சென்டிமீட்டர் தண்டின் பரப்பு சுமார் 4.9 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 300 கிலோ. அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல். கார் டயரில் நாம் அடிக்கிற காற்றே 2 கிலோ சொச்சம்தான். அதைவிட ஏறக்குறைய 27 மடங்கு அழுத்தத்தில் இருக்கிற எண்ணெய், நகர்கிற ஒரு தண்டின் ஓரமாக வெளியே வரத் துடிக்கிறது. தண்டு நகரவும் வேண்டும், எண்ணெய் கசியவும் கூடாது.

பிராமாவின் பட்டறை மாட்டிக்கொண்டது இங்கேதான். தண்டைச் சுற்றி அடைப்பை லூசாக வைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். (அவர்கள் பயன்படுத்தியது தண்ணீர்.) திருகி இறுக்கினால் கசிவு நிற்கும், ஆனால் வேலை முடிந்து அழுத்தத்தை விட்ட பிறகும் தண்டு இறங்காது, அடைப்பு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்ஸ்லியிடம் பின்னாளில் வேலை பார்த்த ஜேம்ஸ் நாஸ்மித் எழுதி வைத்தபடி, தீர்வைக் கொண்டு வந்தவர் மாட்ஸ்லிதான். தோலால் ஒரு வளையம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் யூ வடிவம். திறந்த பக்கம் தண்ணீரைப் பார்த்து இருக்கும். அழுத்தம் ஏறும்போது தண்ணீரே அந்த வளையத்துக்குள் புகுந்து உதடுகளை விரித்து, ஒரு உதட்டைத் தண்டோடும் இன்னொன்றைச் சிலிண்டரோடும் அழுத்தும். எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு இறுக்கம். அழுத்தம் போனால் தோல் தளர்ந்துவிடும், தண்டு சுகமாக இறங்கும். தப்பிக்கப் பார்க்கிற திருடனையே கதவுக்குக் காவல் போட்ட மாதிரி!

மாமா பிரித்துக் காட்டின ரப்பரும் இதே யூ வடிவம்தான். தோல் போய் ரப்பர் வந்திருக்கிறது, தண்ணீர் போய் எண்ணெய் வந்திருக்கிறது.

1797-ல் மாட்ஸ்லி சம்பளம் கூடக் கேட்டார். அப்போது அவருக்கு வாரம் 30 ஷில்லிங். கல்யாணமாகி, குடும்பம் பெருகிக்கொண்டிருந்தது. பிராமா முடியாது என்றார். மாட்ஸ்லி வெளியே போய்ச் சொந்தப் பட்டறை வைத்தார். திருகு வெட்டுகிற துல்லிய லேத், நாஸ்மித், விட்வொர்த் மாதிரியான சிஷ்யர்கள், மெஷின் டூல் என்ற துறையே அந்தப் பட்டறையிலிருந்து கிளம்பியது என்று சொல்லலாம். நம்ம லேபில் திருகு வெட்டும் லேத் முன்னால் நின்று வைவா சொல்லியிருக்கிறீர்களே, அந்த வம்சம். உலகத்துக்கே பிரஸ்ஸைக் கொடுத்த மனுஷன் அதன் உயிர்நாடியைச் செய்தவருக்குச் சில ஷில்லிங் கூடத் தரவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சில ஷில்லிங் கிடைத்திருந்தால் மாட்ஸ்லி அங்கேயே ஃபோர்மனாக இருந்திருப்பாரோ என்னவோ.

பிராமா சும்மா இருக்கிற ஆள் இல்லை. மொத்தம் 18 காப்புரிமை. நிலவறையிலிருந்து பீரை மேலே ஏற்றுகிற பம்பு, மரம் இழைக்கிற மெஷின், பேனா, காகிதம் செய்கிற மெஷின் என்று பட்டியல் நீளும். இங்கிலாந்து வங்கியின் நோட்டுகளில் எழுத்தர்கள் கையால் எழுதிக்கொண்டிருந்த எண்களை அச்சடிக்க 1806-ல் ஒரு மெஷின் செய்து கொடுத்தார். இத்தனை காப்புரிமை வைத்திருந்தவர், ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரக் காப்புரிமை வழக்கில் வாட்டுக்கு எதிராகப் போய் நின்றார் என்பது ஒரு வேடிக்கை.

அவருடைய சாவும் பிரஸ்ஸால்தான். 1814-ல் ஹாம்ப்‌ஷயரில் ஹோல்ட் என்ற காட்டில் பெரிய மரங்களை வேரோடு பிடுங்குகிற வேலைக்கு ஹைட்ராலிக் பிரஸ்ஸைப் பயன்படுத்தினார்கள். 66 வயதில், ஊனமான காலோடு, அவரே நேரில் போய் நின்று வேலையைக் கவனித்தார். குளிர் தாக்கி, சளி பிடித்து, நிமோனியா ஆனது. 1814 டிசம்பர் 9-ம் தேதி இறந்தார்.

அவருக்குப் பிறகு பிரஸ் சுருங்கியது, பெருகியது. நியூயார்க்கில் ரிச்சர்டு டட்ஜன் என்பவர் 1851-ல் கையில் தூக்கிப் போகிற ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை வாங்கினார். பூட்டு திறக்கப்பட்ட அதே வருஷம். தண்ணீருக்குள் இறங்க மறுத்த கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சசக் கப்பலை 1858 ஜனவரியில் டாங்கி சகோதரர்களின் ஹைட்ராலிக் ஜாக்கிகள்தான் தள்ளி இறக்கின. ஆனால் நீங்க கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது அதற்கு முன்னால் 1849-ல் வேல்ஸில் நடந்தது.

மெனாய் நீரிணைக்கு மேல் ராபர்ட் ஸ்டீஃபன்சன் பிரிட்டானியா ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். கரையிலேயே செய்த இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் சுமார் 140 மீட்டர் நீளம், 1500 டன்னுக்கு மேல் எடை. உள்ளே ரயில் ஓடும். அதை மிதக்கவிட்டுக் கொண்டு வந்து, தண்ணீருக்கு மேல் சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு ஹைட்ராலிக் பிரஸ்களால் தூக்க வேண்டும். ஸ்டீஃபன்சன் ஒரு கட்டளை போட்டிருந்தார். குழாய் ஒவ்வொரு அங்குலம் ஏறும்போதும் அதன் நுனிக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கட்டிக்கொண்டே வர வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது வெட்டி வேலையாகத்தான் தெரிந்திருக்கும். 1849 ஆகஸ்டில், தூக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பிரஸ்ஸின் சிலிண்டர் அடிப்பாகம் பிய்ந்து விழுந்தது. குழாயின் அந்த முனை கீழே வந்தது. ஒரு அடிக்கும் குறைவாகத்தான். அடியில் முட்டு இருந்தது. பாலம் பிழைத்தது. அடுத்த வருஷமே ரயில் ஓடியது.

பிரஸ் தூக்கும். தாங்குகிற வேலை முட்டினுடையது. எங்கள் வீட்டு வாசலில் அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போனது அந்த முட்டுதான்.

சரி, இப்போது உங்க டிக்கிக்கு வாங்க. காரோடு வருகிறது பெரும்பாலும் சிசர் ஜாக்கி. அதில் எண்ணெயும் கிடையாது, சீலும் கிடையாது, திருகுதான். திருகின் சாய்வு குறைவு என்பதால் உராய்வே அதைப் பின்னால் சுற்றவிடாது, தானாக இறங்காது. ஆனால் அடித்தளம் சின்னது, பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான் அது. வீட்டில் பிரேக் பார்க்கணும், ஆயில் மாற்றணும் என்றால் டிராலி ஜாக்கி நல்லது. நாலு சக்கரம், அகலமான அடி, காரின் அடியில் உருட்டிக்கொண்டு போகலாம். பாட்டில் ஜாக்கி லாரிக்கும் உயரமான வண்டிக்கும் சரி. சின்ன காருக்கு வாங்கும்போது ஏமாந்துவிடுவீங்க. மூடின நிலையிலேயே அது ஒரு சாண் உயரம் இருக்கும். பஞ்சரான டயரில் கார் தாழ்ந்து நிற்கும்போது அடியில் நுழையாது. அதனால் கடைக்குப் போகிறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்து, காரின் ஜாக்கி வைக்கிற இடத்துக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து, டயர் சப்பினால் எவ்வளவு குறையும் என்று கழித்துக்கொண்டு போங்க. ஏறுகிற உயரத்தையும் பாருங்க. சப்பின டயரைக் கழற்றத் தேவையான உயரத்தைவிட, காற்று நிரம்பிய ஸ்டெப்னியை மாட்டக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். டன் கணக்கு இதைவிடச் சுலபம். சின்ன காருக்கு 2 டன், பெரிய எஸ்யூவி என்றால் 3 டன். ஒரு மூலையைத்தானே தூக்குகிறோம் என்று கணக்குப் பார்த்துச் சின்னதாக வாங்காதீங்க.

தூக்குகிற இடம் சமதளமாக, கெட்டித் தரையாக இருக்கட்டும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை. ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்துங்க. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். நீங்க தூக்குவது பின்சக்கரத்தை என்றால் அந்தப் பிடியில் பாதி அப்போதே போச்சு. அதனால் தரையில் இருக்கிற முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்க. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் லூசாக்கிக்கொள்ளுங்க. தூக்கின பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் கார் ஜாக்கியை விட்டு நழுவும். ஜாக்கியை காரின் அடிவிளிம்பில் குறிப்பிட்ட இடத்தில் மட்டும்தான் வைக்கணும். வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு மடங்கும்.

தூக்கியதும் ஆக்சில் ஸ்டாண்டு. இரும்பில் மூன்று கால், நாலு கால் வைத்து, உயரத்தை மாற்றிப் பூட்டிக்கொள்கிற மாதிரி கிடைக்கும். ஜோடியாகத்தான் விற்பார்கள். காரை ஸ்டாண்டின் மேல் இறக்கி உட்கார வைத்து, ஒருமுறை லேசாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்புறம் அடியில் போங்க.

ஸ்டாண்டு வாங்கக் காசில்லை என்று செங்கல், ஹாலோ பிளாக், பட்டறைப் பக்கம் கிடக்கிற உடைந்த இன்சுலேட்டர் இதையெல்லாம் அடுக்குகிறவர்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். செராமிக் படிக்கிற நண்பர்கள் இதை எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சுட்ட மண் அழுத்தத்தை நன்றாகவே தாங்கும், அது உண்மை. ஆனால் சுமை பரப்பு முழுக்கச் சமமாக உட்கார்ந்தால்தான். காரின் விளிம்பு ஒரு புள்ளியில் குத்தும்போது அந்த இடத்தில் சின்ன விரிசல் ஒன்று போதும். இரும்பு முதலில் வளையும், முனகும், ஓடுவதற்கு நேரம் கொடுக்கும். செங்கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பிளந்துவிடும். பிரிட்டானியா பாலத்தில் கட்டுமானத்தைத்தானே முட்டாகக் கொடுத்தார்கள் என்று யாராவது கேட்பீங்க. அது பலகை வைத்து, காரை போட்டு, சுமைக்கு ஏற்ற அகலத்தில் எழுப்பிய கட்டுமானம். வாசலில் அடுக்கின நாலு கல் இல்லை.

ஹைட்ராலிக் ஜாக்கி இருக்கிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு சோதனை செய்யலாம், மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தது. காரின் ஒரு மூலையைத் தூக்குங்க. சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், அடியில் ஸ்டாண்டை ஒட்டி ஆனால் தொடாமல் வையுங்க. தண்டு வெளியே தெரிகிற இடத்தில், உடம்பை ஒட்டி சாக்பீஸால் ஒரு கோடு. அரை மணி நேரம் தள்ளி உட்கார்ந்து வேறு வேலை பாருங்க. திரும்பி வந்து பார்க்கும்போது கோடு உள்ளே போயிருந்தால் சீலோ வால்வோ போய்விட்டது. எண்ணெய் குறைந்திருந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில்தான் ஊற்றணும். பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

நாங்கள் அந்த ஜாக்கிக்குப் புது சீல் போட்டு, கோடு போட்டுப் பார்த்து, கடன் கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அடுத்த வாரம் மாமா ஒரு டிராலி ஜாக்கியும் ஒரு ஜோடி ஸ்டாண்டும் வாங்கினார். பின்சக்கரத்து உரசல் சத்தம் பிரேக் ஷூவில் மாட்டியிருந்த ஒரு சின்னக் கல்லால் வந்தது.